எட்டாவது பாட்டுக்கு முந்தைய நாற்பது வினாடி

அந்த நேர்காணலின் பதினேழாவது நிமிடம் முடிகிற இடத்தில் அது வருகிறது. பேட்டி எடுப்பவர் கேட்கிறார்: "அண்ணே, உங்க பழைய பாட்டு ஒண்ணு ரசிகர்கள் நடுவுல சுத்திக்கிட்டே இருக்கே, பின்னால லேத்து ஓடுற சத்தம் வருமே, அதுல பாடுறது யாரு?" கிதார்க்காரர் காதுமடலைத் தடவிக்கொண்டு சிரிக்கிறார். "அதுவா? நான் சும்மா இருந்தப்ப வீட்டுல உக்காந்து பண்ணது. சர்ச் கொயர்ல பாடுற யாரோ ஒரு பொண்ணு. கோரஸுக்கு வந்துச்சு."

அந்த யாரோ என் அக்கா. நேர்காணல் வெளிவந்த அன்று அவள் எங்கள் சமையலறை வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். நான் கைபேசியின் சத்தத்தைக் கூட்டி அவள் பக்கம் நீட்டினேன். முழுவதும் கேட்டாள். ஒரு மொச்சை கையிலிருந்து நழுவி அடுப்புக்கு அடியில் உருண்டது. அதை எடுக்கவில்லை.

"சொன்னா சொல்லிட்டுப் போறாரு. விடுடி."

நான் விடவில்லை. நோட்டை எடுத்துக் கிழமை, நேரம், நிமிடம், அவர் சொன்ன சொற்கள் எல்லாவற்றையும் எழுதிவைத்தேன். கோர்ட்டில் நகல் பிரிவில் எனக்கு வேலை. நகல் கேட்டு மனு வந்த நாள், நகல் தயாரான நாள், கையில் கொடுத்த நாள் என்று ஒவ்வொரு தாளிலும் மூன்று தேதி போட வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் அந்தத் தாள் செல்லாது. இத்தனை வருடத்தில் அது என் புத்தியாகவே ஆகிவிட்டது. வாசிக்கிற புத்தகத்தில்கூட முதலில் பதிப்பு ஆண்டைத்தான் பார்ப்பேன்.

இங்கே நான் யாருடைய பெயரையும் எழுதப்போவதில்லை. தேதிகளும் நோட்டிலேயே இருக்கட்டும். பெயர்களை எழுத வேண்டிய இடத்தில் எழுதிவிட்டேன். அதை எப்படி எழுதினேன் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

கிதார்க்காரர் இன்று பெரிய ஆள். கிராமத்து மெட்டுகளை மின்கிதாரில் வாசிக்கிற அவருடைய குழுவுக்குக் கல்லூரி விழாக்களில் கூட்டம் நெரியும். பதினோரு வருடத்துக்கு முன்னால் அந்தக் குழு அப்போதுதான் தட்டுத்தடுமாறி நடந்துகொண்டிருந்தது. எங்கள் சபையின் கிறிஸ்துமஸ் பாட்டு நிகழ்ச்சிக்குக் கிதார் வாசிக்க வந்தவர், அக்காவின் குரலைக் கேட்டுவிட்டு வீட்டுக்கே வந்து அப்பாவிடம் அனுமதி கேட்டார். குழுவுக்கு வெளியே, சும்மா சனிக்கிழமைகளில் கூடி வாசிக்கிற ஒரு ஏற்பாடு என்றார். அக்கா அப்போது மிஷன் பள்ளியில் அறிவியல் டீச்சராகச் சேர்ந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அப்பா அவளைத் தனியாக அனுப்பவில்லை. துணைக்கு நான் போனேன்.

இடம், அவனியாபுரத்தில் ஒரு லேத்துப் பட்டறை. தல்லாகுளத்திலிருந்து பஸ், பெரியார் நிலையத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ. பட்டறைக்காரர் பம்பு ஷாஃப்ட்டுகள் கடைந்து கொடுப்பவர். திருமங்கலம் பக்கத்துக்காரர். பெற்றவர்கள் இருவரும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்தவர்கள். இவர் ஐ.டி.ஐ. படித்து, கடன் வாங்கி, இரண்டு லேத்து போட்டவர். பறை அருமையாக வாசிப்பார். சனிக்கிழமை மதியம் ஒரு லேத்தை நிறுத்திவிடுவார். மற்றொன்றில் எப்போதும் ஏதாவது அவசர வேலை ஓடிக்கொண்டிருக்கும். அதை நிறுத்தச் சொல்லிக் கிதார்க்காரர் இரண்டு வாரம் கெஞ்சிப் பார்த்தார். மூன்றாவது வாரம் தோற்றுப்போய், லேத்து மோட்டார் எந்தச் சுருதியில் ஓடுகிறதோ அந்தச் சுருதிக்குத் தன் கிதாரை இறக்கிக்கொண்டார். அந்தப் பாட்டுகளின் அழகே அதுதான் என்று இப்போது ரசிகர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள்.

விமான நிலையம் பக்கத்தில். விமானம் இறங்கும்போது தகரக்கூரை அதிரும், பாட்டு நிற்கும். பட்டறைக்காரர் பறைமேல் உள்ளங்கையை வைத்து அதன் அதிர்வை அடக்கிக்கொண்டு, "டீச்சர், ஏரோப்ளேன் வந்துருச்சு. மூச்சு விட்டுக்கங்க" என்பார். சத்தம் தேய்ந்ததும், "போயிருச்சு, வாங்க" என்பார். நான் ஒரு காலி எண்ணெய் டிரம்மின் மேல் உட்கார்ந்து என் கைபேசியில் பதிவு செய்வேன். வீட்டுக்கு வந்து முன்பின் பேச்சை வெட்டிவிட்டு, பாட்டை மட்டும் அக்கா வழியாகக் கிதார்க்காரருக்குக் கொடுப்பேன். நோட்டில் எழுதுவேன். மூன்று வருடம் அந்த டிரம்தான் என் நாற்காலி.

பிறகு கிதார்க்காரரின் பெரிய குழு சூடுபிடித்துக்கொண்டது. ஒரு சனிக்கிழமை நாங்கள் போனபோது பட்டறைக்காரர் மட்டும் இருந்தார். மூவரும் டீ குடித்துவிட்டுத் திரும்பினோம். அடுத்த சனிக்கிழமையும் போனோம். அதற்கடுத்த சனிக்கிழமையும். கிதார்க்காரர் வரவில்லை. இனி வரமாட்டேன் என்று யாரிடமும் சொல்லவும் இல்லை. அக்கா புடவை மாற்றிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்து, நான்கு மணியானதும் மறுபடி வீட்டுப் புடவைக்கு மாறிய சனிக்கிழமைகள் ஆறு. அவற்றையும் எழுதிவைத்திருக்கிறேன்.

அந்தப் பாட்டுகள் பதினான்கு. கிதார்க்காரர் நண்பர்களுக்கு மெமரி கார்டில் கொடுத்தது ஒன்றிரண்டாகக் கசிந்து, கைபேசிகளில் பரவி, அவற்றுக்கென்றே ஒரு ரசிகர் குழு உருவானது. யாரென்று சொல்லாமல் நானும் அதில் சேர்ந்தேன். உள்ளே ஒரே குழப்பம். ஒரே பாட்டை இரண்டு தலைப்பில் வைத்திருந்தார்கள். பாதியில் அறுந்த பதிவை முழுப் பாட்டு என்று கொண்டாடினார்கள். பாடுவது இன்ன சினிமாப் பாடகி என்று ஒருவர் சத்தியமே செய்தார். எனக்குத் தாங்கவில்லை. என்னிடமிருந்த பதிவுகளைச் சுத்தம் செய்து, வரிசைப்படுத்தி, ஒரு தொகுப்பாகப் போட்டேன். நோட்டில் விட்டுப்போன நாட்களைப் பாட்டுக்குள் கேட்கும் விமானத்தை வைத்தே கண்டுபிடித்தேன். பழைய செய்தித்தாள்களில் விமான நேரங்கள் இருந்தன. பிற்பகல் விமானத்தின் நேரம் எந்த மாதத்தில் மாறியது என்று தெரிந்தால் பதிவின் மாதம் தெரியும். குழுவில் எனக்குத் 'தேதிக்கா' என்று பெயர் வைத்தார்கள்.

கிதார்க்காரருக்கும் நான் தேதிக்காதான். அவரிடம் எந்தக் கணக்கும் கிடையாது, எந்தக் காகிதமும் தங்காது. ஒருமுறை தன் குழுவின் பத்தாவது ஆண்டு விழாவுக்காக, இதுவரை நடந்த கச்சேரிகளின் பட்டியல் வேண்டும் என்று குழு வழியாக என்னைப் பிடித்தார். எழுதி அனுப்பினேன். நடுவில் ஓரிடத்தில், "இந்தக் கச்சேரி அண்ணனுக்கே ஞாபகம் இல்லை. டிரம்ஸ்காரரிடம் கேட்டுச் சரிபார்க்கவும்" என்று குறிப்பு வைத்திருந்தேன். விழா அன்று மண்டபத்துக்கு வெளியே இருபதடி ஃபிளெக்ஸ். ஒருபக்கம் அவருடைய ஆளுயரப் படம். மறுபக்கம் என் பட்டியல். நடுவில், கொட்டை எழுத்தில், "அண்ணனுக்கே ஞாபகம் இல்லை. டிரம்ஸ்காரரிடம் கேட்டுச் சரிபார்க்கவும்."

ஊரே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. இந்த மனிதர் கையில் கொடுப்பதைப் படிப்பதே இல்லை என்று அன்று குறித்துக்கொண்டேன்.

நேர்காணல் வந்து எட்டு மாதம் கழித்து, கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை, மதிய இடைவேளையில் அவர் கூப்பிட்டார். நான் டிபன் பாக்ஸை மூடிவிட்டு மரத்தடிக்கு வந்தேன்.

"தங்கச்சி, அந்தச் சனிக்கிழமைப் பாட்டெல்லாம் உன்கிட்டதான சுத்தமா இருக்கு? என் டிஸ்க்கு படுத்துருச்சு. அம்புட்டும் போச்சு."

"இருக்குண்ணே."

"உன் தொகுப்ப அப்படியே வெளியிட்டுறலாம்னு பாக்குறேன். தல்லாகுளத்துல மண்டபம் சொல்லியாச்சு. ஒவ்வொரு பாட்டுக்கும் குறிப்பு மாதிரி ஒண்ணு எழுதிக் குடேன். நான் பேசுற மாதிரியே எழுதிரு. கீழ என் பேரப் போட்டுக்கிறேன்."

"கூட வாசிச்சவங்க, பாடுனவங்க பேரு?"

"தெரிஞ்சா போடு. ரெண்டு வரிக்கு மேல எவன் படிக்கிறான்?" சிரித்தார். பிறகு ஏதோ தோன்றி, "ஆமா, நாம முன்னப்பின்ன பாத்துருக்கமா தங்கச்சி?"

"கச்சேரில எங்கயாச்சும் பாத்துருப்பீங்கண்ணே."

அழைப்பு முடிந்த நேரத்தை எழுதிக்கொண்டேன். அன்று பிற்பகல் நான் போட்ட முத்திரைகள் எல்லாம் வழக்கத்தைவிட அழுத்தமாக விழுந்ததாகப் பக்கத்து மேசைக்காரர் சொன்னார்.

நான் நினைத்திருந்தது எளிமையானது. எட்டாவது பாட்டு, அதாவது அந்த லேத்துப் பாட்டு, அதன் வரிகளும் குரலும் மட்டுமல்ல, மெட்டும் அக்காவுடையது. வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். அப்பா சாகும்வரை வந்தவர் போனவரிடமெல்லாம், "என் மூத்த மக மெட்டுப் போட்ட பாட்டு" என்றுதான் சொன்னார். அதை அந்த ஆள் வாயாலேயே சொல்லவைப்பேன். அவருடைய பெயரில், அவருடைய குரலில், அவருடைய விழாவில்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூலப் பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். தொகுப்பில் இருப்பது நான் சுத்தம் செய்த வடிவம். பாட்டுக்கு முன்னாலும் பின்னாலும் உள்ள இருமல், டீ கிளாஸ் சத்தம், பேச்சு எல்லாவற்றையும் வெட்டியிருந்தேன். எட்டாவது பாட்டின் மூலத்தில் முன்னால் நாற்பது வினாடி கூடுதலாக இருந்தது. பதினோரு வருடத்துக்கு முன்பு அதை 'பேச்சு' என்று ஒரே சொல்லில் குறித்துவிட்டு வெட்டியவள் நான்தான். அது என்ன பேச்சு என்று காதுகொடுத்துக் கேட்கவில்லை.

இப்போது கேட்டேன்.

லேத்து ஓடுகிறது. அதன் மேல் ஒரு ஆண் குரல் முனகுகிறது. சொல் எதுவும் இல்லை. முதல் வரி, இரண்டாவது வரி, அது மேலே ஏறுகிற இடம், அப்படியே. அது பட்டறைக்காரர். பிறகு அக்கா: "அண்ணே, அந்த ரெண்டாவது வரி எப்படி மேல போச்சு? இன்னொருக்க பாடுங்க." பட்டறைக்காரர் சிரிக்கிறார்: "அதுவா டீச்சர், லேத்து ஏறுச்சு, கூடவே நானும் ஏறுனேன்." மறுபடி முனகுகிறார். அக்கா அந்த மெட்டில் தன் சொற்களை வைத்துப் பாடிப் பார்க்கிறாள். பிறகு கேட்கிறாள்: "ஏடி, கிதார் அண்ணன் வந்துட்டாரா?" மெல்லிய ஒரு குரல், என்னுடையதுதான்: "இன்னும் வரல."

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தேன். கிதார்க்காரரைத் தூக்கில் போடுவதற்குப் போதுமான நாற்பது வினாடி அது. அந்தப் பாட்டு பிறக்கும்போது அவர் பட்டறையிலேயே இல்லை. ஆனால் அந்தக் கயிறு அக்காவின் கழுத்தையும் சேர்த்துச் சுற்றியிருந்தது.

அக்கா குடும்பம் மாடியில். நான் கைபேசியோடு ஏறிப்போனேன். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அந்த நாற்பது வினாடியை ஓடவிட்டேன். முதல் முனகலிலேயே அவளுடைய சிவப்புப் பேனா நின்றுவிட்டது.

"தெரியும்," என்றாள்.

"தெரியுமா? பின்ன எதுக்கு மெட்டு உன்னோடதுன்னு சொன்ன?"

"நான் எப்ப சொன்னேன்? நீ சொன்ன. அப்பா சொன்னாரு. நான் இல்லேங்கல, அம்புட்டுதான்."

"பதினோரு வருசமா இல்லேங்கல."

"அவரு ஒண்ணும் கேக்கலையே."

"நீயுந்தான் கிதார்க்காரர்ட்ட ஒண்ணும் கேக்கல. அதனால அவரு செஞ்சது சரியாயிருமா?"

அவள் ஒரு விடைத்தாளின் மூலையை மடித்து, நிமிர்த்தி, மறுபடி மடித்தாள். அது எந்தப் பிள்ளையின் தாளோ.

"அதப் போடாத," என்றாள் கடைசியில். "வரி எழுதுனேன், பாடுனேன்னு போடு. மெட்டப் பத்தி ஒண்ணுமே சொல்லாத. பாடம் நடத்துறேன், பேப்பர் திருத்துறேன், சமைக்கிறேன். எனக்குன்னு சொல்லிக்க அது ஒண்ணுதான்டி இருக்கு."

"அது உனக்கு உள்ளது இல்லையே."

இதைச் சொன்னதற்காக நான் வருந்துகிறேனா என்று சிலர் பிறகு கேட்டார்கள். வருந்தவில்லை. என் கோபம் அன்று இரண்டாகப் பிரிந்து நின்றது. அதில் ஒரு பாதி மாடியில்தான் இருந்தது. எட்டு மாதமாக யாருக்காகப் பல்லைக் கடித்தேனோ அவளே, அடுத்தவருடைய ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தவிர, இதில் தொழில் சார்ந்த ஒரு காரணமும் உண்டு. பழிவாங்கும் காகிதத்தில் ஒரு பொய் இருந்தால் போதும், எதிராளி அந்த ஓட்டை வழியாக வெளியே போய்விடுவான். என் காகிதத்தில் ஓட்டை இருக்கக் கூடாது.

அடுத்த சனிக்கிழமை மதியம் பட்டறைக்குப் போனேன். அவருடைய தலை நரைத்திருந்தது, லேத்து இரண்டு மூன்றாகியிருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"அடடே, டிரம்முத் தங்கச்சி! டிரம்ம வித்துட்டேனே, எங்க உக்காருவ?"

"நின்னுக்கிறேண்ணே. உங்க பேர முழுசா, இன்ஷியலோட சொல்லுங்க."

"எதுக்கு? கோர்ட்டுல கேஸு கீஸு போட்டுட்டியா?"

"பாட்டுல போட."

"எந்தப் பாட்டுல?"

கைபேசியை அவர் காதருகே பிடித்தேன். லேத்துச் சத்தத்தில் கேட்கவில்லை. அவர் எட்டி மூன்று லேத்தையும் ஒவ்வொன்றாக நிறுத்தினார். எனக்குத் தெரிந்து அந்தப் பட்டறை அமைதியாக இருந்தது அன்று ஒருமுறைதான். நாற்பது வினாடியும் கேட்டார்.

"இது நானா? அடப்பாவி, இம்புட்டு எளசா இருந்துருக்கேன்." கையிலிருந்த கழிவுத் துணியில் விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "நீ இதப் போடப்போறது டீச்சருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"சம்மதமா?"

"இல்ல."

"அப்ப டீச்சர் பேர மொதல்ல போட்டுரு. மெட்டு கிட்டெல்லாம் கடைசில ஒரு ஓரமா வரட்டும்."

பெயரைத் தகப்பனார் இன்ஷியலோடு எழுதிக்காட்டினார். ஆனால் அவர் சொன்ன வரிசையை நான் கேட்கவில்லை. நம் ஊரில் கல்யாணப் பத்திரிகையில் ஒரு பெயர் ஒரு வரி கீழே இறங்கினால் பத்து வருடம் பேச்சுவார்த்தை நின்றுபோகும். வரிசை சாதாரண விஷயமில்லை. என் வரிசை இது: மெட்டு, வரிகள், குரல், பறை, கடைசியில் கிதார். பதினான்கு பாட்டுக்கும் அதே வரிசை.

குறிப்புகள் ஒன்பது பக்கம் வந்தன. ஒவ்வொரு பக்கத்திலும் முதல் இரண்டு வரி கிதாரைப் பற்றி. நரம்பு, சுருதி, விரல் என்று அவருக்குப் பிடித்த சொற்களாகப் பொறுக்கி வைத்தேன். மூன்றாவது வரியிலிருந்து உண்மை. எட்டாவது பாட்டின் பக்கத்தில் அவர் குரலில் இப்படி எழுதினேன்: "இந்த மெட்டை நான் போடவில்லை. நான் பட்டறைக்கு வந்து சேர்வதற்கு முன்பே இது பிறந்துவிட்டது. பாட்டுக்கு முன்னால் வரும் நாற்பது வினாடியை நீங்களே கேளுங்கள். வீட்டில் உட்கார்ந்து செய்ததாக ஒரு பேட்டியில் நான் சொன்னது தவறு. இரண்டாவது நிமிடத்தில் ஒரு விமானம் இறங்குகிறது. என் வீட்டுக்கு மேல் விமானம் போவதில்லை. யாரோ ஒரு கோரஸ் பெண் என்று நான் சொன்னவரும் யாரோ அல்ல." அதற்குக் கீழே பெயர்கள், என் வரிசையில்.

நாற்பது வினாடியையும் பாட்டோடு திரும்ப ஒட்டினேன். பென் டிரைவைக் கூரியரில் அனுப்பிவிட்டு, குறிப்புகளைக் கைபேசியில் அனுப்பினேன். நான்கு நிமிடத்தில் பதில் வந்தது. ஒரு கட்டைவிரல் படம். "சூப்பர் தங்கச்சி. அப்படியே பிரிண்டுக்குப் போகுது."

ஒன்பது பக்கம், நான்கு நிமிடம்.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு. அழைப்பிதழ் ஒன்றை மாடிப்படியில், அக்கா செருப்பு விடுகிற இடத்தில் வைத்துவிட்டு வந்திருந்தேன். மூன்று வாரமாக எங்களுக்குள் பேச்சில்லை. குழம்பு மட்டும் தூக்குச் சட்டியில் மேலும் கீழும் போய் வந்துகொண்டிருந்தது. அவள் வந்தாள். எனக்கு இரண்டு வரிசை முன்னால், என்னைத் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்தாள். பட்டறைக்காரர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் கடைசி வரிசையில் இருந்தார்.

தலைமை ஏற்க ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர் ஒருவர் வந்திருந்தார். மேடை மேசையில் பொன்னாடைகள் மூன்று. முதல்வருக்கு ஒன்று, கிதார்க்காரருக்கு ஒன்று, எதற்கும் இருக்கட்டும் என்று ஒன்று. எந்த விழாவிலும் கணக்கு அதுதான். தொகுத்து வழங்கியவர் கணீரென்ற குரல்காரர். நம் ஊர்த் தொகுப்பாளர்களிடம் ஒரு குணம் உண்டு. கையில் கொடுத்த தாளில் ஒரு பெயர் இருந்துவிட்டால், அந்த ஆள் அரங்கில் இருந்தால், மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போடாமல் விடமாட்டார்கள். விட்டால் பிறகு வருகிற சண்டை அவர்களுக்குத் தெரியும். நான் நம்பியிருந்தது அந்தக் குணத்தைத்தான்.

முதல்வருக்குப் பொன்னாடை போர்த்தி, அவர் பேசி முடித்ததும், ரசிகர்களுக்கு மிகவும் பிடித்த எட்டாவது பாட்டை ஒலிக்கவிடப் போவதாக அறிவித்தார்கள். விளக்கைக் குறைத்தார்கள். கிதார்க்காரர் கண்களை மூடித் தலையசைக்கத் தயாரானார். லேத்து ஓடியது. முனகல் வந்தது. அவர் கண்ணைத் திறந்தார்.

"லேத்து ஏறுச்சு, கூடவே நானும் ஏறுனேன்." அரங்கில் சிலர் சிரித்தார்கள்.

"ஏடி, கிதார் அண்ணன் வந்துட்டாரா?"

"இன்னும் வரல."

அரங்கு முழுவதும் வெடித்துச் சிரித்தது. கிதார்க்காரரும் கூடச் சிரித்தார். வேறு என்ன செய்வார்? ஆனால் கை காதுமடலுக்குப் போய்விட்டது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தக் கை இறங்கவே இல்லை.

பாட்டு முடிந்ததும் தொகுப்பாளர் அச்சடித்த புத்தகத்தைப் பிரித்தார். "இந்தப் பாட்டைப் பற்றி அண்ணன் மனம் திறந்து எழுதியிருப்பதை அப்படியே வாசிக்கிறேன்." வாசித்தார். விமானத்தின் வரி வந்தபோது கைதட்டல். "எவ்வளவு பெரிய மனசு பாத்தீங்களா!" என்று சொல்லிவிட்டு, மெட்டுக்குச் சொந்தக்காரரின் பெயரைத் தகப்பனார் இன்ஷியலோடு கூப்பிட்டார். பட்டறைக்காரர் எழுந்து, நடுவழியில் யார் காலையோ மிதித்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மேடையேறினார். உபரிப் பொன்னாடை அவருக்குப் போனது. கிதார்க்காரர் கையால்தான்.

அடுத்து அக்காவின் பெயர். வரிகள், குரல்.

அக்கா எழவில்லை. மறுபடி கூப்பிட்டார். அவளுடைய பிடரி மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அது கொஞ்சமும் அசையவில்லை. மூன்றாவது முறை கூப்பிட்டபோது அரங்கில் தலைகள் திரும்பத் தொடங்கின. நான் எல்லாவற்றையும் கணித்திருந்தேன், இதைக் கணிக்கவில்லை.

பட்டறைக்காரர் மைக்கின் பக்கம் குனிந்தார். உள்ளங்கையைக் காற்றில் எதன் மேலோ வைப்பதுபோல் வைத்து எடுத்தார்.

"டீச்சர், ஏரோப்ளேன் போயிருச்சு. வாங்க."

அக்காவின் தோள் குலுங்கியது. சிரிப்பா வேறா என்று பின்னாலிருந்து தெரியவில்லை. எழுந்து போனாள். மேசையில் மிச்சமிருந்த ஒரே பொன்னாடை கிதார்க்காரருடையது. அவர் அதை எடுத்து விரித்து, அக்காவின் தோளில் போட்டுவிட்டு, அரங்கைப் பார்த்துக் கும்பிட்டார். அவருக்குப் போர்த்த மேசையில் ஒன்றும் இல்லை. தொகுப்பாளர் மேசைக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார். அதையும் எழுதிவைத்திருக்கிறேன்.

ஒரு வார்த்தை பேசச் சொன்னார்கள். அக்கா மைக்கைப் பட்டறைக்காரர் பக்கம் தள்ளினாள். அவர் அதைத் திரும்ப அவள் பக்கம் தள்ளினார். அவள், "மெட்டு அண்ணனோடதுதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள்.

கூட்டம் கலையும்போது கிதார்க்காரர் நேராக என்னிடம் வந்தார். யாரோ கைகாட்டியிருக்க வேண்டும்.

"நீதான் தேதிக்காவா? என்னா தங்கச்சி இப்படிப் பண்ணிட்ட?"

"எதுலண்ணே தப்பு? எந்த வரி?"

அவர் இன்னும் படித்திருக்கவில்லை. என் முகத்தையே பார்த்தார். "எங்கயோ பாத்த மாதிரி இருக்கே."

"மூணு வருசம் எண்ணெ டிரம்மு மேல உக்காந்துருந்தேண்ணே. உங்களுக்கு அஞ்சடி தள்ளி."

அவர் முகத்தில் அது மெல்ல ஏறி நின்றது. எட்டு மாதமும் மூன்று வாரமும் நான் காத்திருந்தது அந்த முகத்துக்குத்தான். நிதானமாகப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன்.

அக்கா ஆட்டோவில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு இடம்விட்டு நகர்ந்துகொண்டாள். கோரிப்பாளையம் சிக்னலில் ஆட்டோ நின்றது. ஏதோ வாங்க வேண்டும் என்று சுற்றிப் போகச் சொல்லியிருந்தாள், ஆனால் எங்கும் நிறுத்தச் சொல்லவில்லை.

"அவரோட சேத்து என்னையும் பழிவாங்கிட்டல்ல?"

"ஆமா."

"ம்," என்றாள். மடியிலிருந்த பொன்னாடையைத் தடவிப் பார்த்தாள். "துணி நல்லாத்தான் இருக்கு. அவருக்குன்னு வாங்குனதுல்ல, அதான்."

மறுநாள் காலை கிதார்க்காரர், விழா மாலையே தன் இணையப் பக்கத்தில் ஏறியிருந்த எட்டாவது பாட்டை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை ஏற்றினார். முன்னால் அந்த நாற்பது வினாடி இல்லை. அதற்குள் ரசிகர் குழுவில் எல்லோரிடமும் முழுப் பதிவு இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, யார் வெட்டியது, எப்போது வெட்டியது என்று ஆளுக்கொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் எல்லோரும் சேர்ந்து, தேதிக்கா சொல்லட்டும் என்றார்கள்.

நான் இரண்டு வரி எழுதினேன். முதல் வரியில், முதன்முதலில் வெட்டியது நான், பதினோரு வருடத்துக்கு முன்பு, என்ன பேச்சு என்று கேட்காமல். இரண்டாவது வரியில், இன்று வெட்டியது அண்ணன், திங்கட்கிழமை, காலை ஏழு மணி பன்னிரண்டு நிமிடம், என்ன பேச்சு என்று நன்றாகக் கேட்டுவிட்டு.